ஏழு மரங்களில் ஒரு பெயர்

"உபதேசியாரே, எங்க அம்மாவுக்கு எண்பது ஆகப்போகுது. ஆனா அவங்க ஒத்துக்க மாட்டேங்காவ."

பூவன்துறைக் கோவில் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் லிகோரி இப்படித்தான் ஆரம்பித்தார்.

சலேத் உபதேசியார், யார் யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?"

"உலகச் சண்டை முடிஞ்ச வருஷம் பிறந்தேன்னு அவங்க அம்மா சொன்னாவளாம். அப்படிப் பாத்தா எழுபத்தேழுதான்."

"அப்ப எழுபத்தேழு."

"அது எப்படி? ஏழு மரத்துல நாப்பத்திமூணுன்னு போட்டிருக்கே!"

உபதேசியார் பேனாவை மூடி வைத்தார்.

லிகோரி தூத்துக்குடிக்காரர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் உழைத்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. இணையத்தில் குடும்ப மரம் போடும் தளம் ஒன்றைத் தங்கச்சி மகள் காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அதுவே கதி.

அந்தத் தளத்தில் ஒரு வசதி இருந்தது. நீங்கள் ஒரு பெயரைப் போட்டால், அதே பெயர் வேறு யார் மரத்திலாவது இருக்கிறதா என்று அதுவே தேடித் தரும். கீழே ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் அந்த மரத்தில் இருக்கும் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் உங்கள் மரத்துக்கு வந்துவிடும். லிகோரி அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒரே வருஷத்தில் இரண்டாயிரத்து நானூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'ஆதாரம்' என்று ஒரு கட்டமும் இருந்தது. அதை அவர் நிரப்பியதில்லை.

அம்மா செலஸ்தீன் பிறந்தது பூவன்துறையில். அந்த ஊர்க் கோவிலின் பழைய புத்தகங்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி உபதேசியாரிடம் இருந்தது. சாமியாருக்குத் துணையாகக் கோவில் காரியங்களைப் பார்க்கிற நாற்பது வயது ஆள். அதிகம் பேச மாட்டார். அந்தக் காலத்துச் சாமியார்கள் லத்தீனில் கிறுக்கி வைத்ததை அவரைப்போல வாசிக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

"எனக்கும் வாசிக்கக் கத்துத் தாங்க" என்று ஒருநாள் லிகோரி போய் நின்றார். அன்று முதல் வியாழக்கிழமைதோறும் காலைப் பஸ் பிடித்து வந்துவிடுவார். தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரிடம், பென்சிலும் நோட்டுமாக.

"மார்ச் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை" என்றார் லிகோரி. "மண்டபம் பிடிச்சாச்சு. தங்கச்சி மஸ்கட்ல இருந்து வாரா. தம்பி பம்பாய்ல இருந்து குடும்பத்தோட வாரான். கொழும்புல இருந்துகூட வாராவ. அம்மா என்னடான்னா, தவக்காலத்துல என்ன பிறந்தநாள், அதுவும் ஆகாத வயசுக்குன்னு மூஞ்சியைத் திருப்பிட்டு இருக்காவ."

"ஏழு மரம்னு சொன்னீங்களே."

"ஆமா, என்னோடதையும் சேத்து. ஏழுலயும் ஒரே தேதி. ஒருத்தர் தப்பாப் போடலாம். ஏழு பேருமா தப்பாப் போடுவாங்க?"

"ஏழு பேரும் யார்கிட்ட கேட்டாவ?"

லிகோரி போனை எடுத்து அந்த மரங்களைத் தேடினார்.

"கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உபதேசியார் மறுபடியும் நோட்டைத் திறந்தார்.

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க லிகோரி காதில் போனோடுதான் இருந்தார்.

டொரன்டோவில் இருக்கிற அத்தை மகள், "பம்பாய் அண்ணன் மரத்துல இருந்துதான் எடுத்தேன்" என்றாள். அந்தப் பம்பாய் அண்ணன், லிகோரிக்குப் பெரியப்பா மகன், "மணப்பாட்டுச் சித்தப்பா போட்டிருந்தாரு" என்றார். மணப்பாட்டுச் சித்தப்பாவின் மகன், "அப்பா இறந்துட்டாரு, ஆனா அவருக்குக் கொழும்பு ஜெரோம்தான் எல்லாம் அனுப்புவாரு" என்றான்.

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உங்க மரத்துல இருந்துதான் மாமா எடுத்தோம். நீங்க போட்டா சரியாத்தானே இருக்கும்?"

லிகோரி போனை வைத்துவிட்டு, நோட்டில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாகக் கொழும்பு ஜெரோம் போனில் கிடைத்தார். "நானே பூவன்துறைக்கு வந்து ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாத்தேன். போட்டோவே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பத்து நிமிஷத்தில் படம் வந்து விழுந்தது.

அடுத்த வியாழன் லிகோரி பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகமே வேறு.

"ஏழு மரம் ஒரே மரமாயிட்டு உபதேசியாரே. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒண்ணு கெட்டியா நிக்குது. பாருங்க!"

உபதேசியார் போனை வாங்கினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, மார்ச் பதினான்கு. செலஸ்தீன். மார்ச் பன்னிரண்டாம் தேதி பிறந்தது. சந்தியாகு பர்னாந்துக்கும் மரிய நத்தாலிக்கும் முறைப்படி பிறந்த மகள்.

"எங்க தாத்தா பாட்டி பேரு. எங்க அம்மா பேரு. இனி என்ன வேணும்?"

உபதேசியார் படத்தை இடதுபக்கம் தள்ளிப் பார்த்தார். மறுபடி தள்ளினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓரம் எங்க?"

"என்ன ஓரம்?"

"பக்கத்துக்கு ஓரம்னு ஒண்ணு இருக்கும்லா அண்ணாச்சி."

படத்தில் ஓரம் இல்லை. ஜெரோம் பெயரை மட்டும் நெருக்கிப் பிடித்து எடுத்திருந்தார்.

உபதேசியார் எழுந்து அலமாரியைத் திறந்தார். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தைத் தேடித் தரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகப்போகிறது. மத்தியான மணி அடிக்க வெளியே போய்விட்டார்.

லிகோரி தாளைத் தாளாகத் திருப்பினார். அந்தப் பக்கம் வந்தது. அதே எழுத்து. அதே பெயர்.

இடதுபக்க ஓரத்தில், பெயருக்கு நேராக, மையில் ஒரு சின்னச் சிலுவை.

வெளியே மணி அடித்தது. லிகோரி எழுந்து நின்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். மணி நின்ற பிறகும் அவர் உட்காரவில்லை.

உபதேசியார் வந்ததும் கேட்டார்:

"இந்தச் சிலுவை எதுக்குப் போட்டிருக்கு?"

உபதேசியார் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்தார். ஒடுக்கமான புத்தகம். மேலே கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. அது என்ன புத்தகம் என்று லிகோரிக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் யாரை, எந்த நாளில் அடக்கினார்கள் என்று எழுதி வைக்கிற புத்தகம்.

"நீங்களே வாசிங்க."

நாற்பத்து நான்கு, பிப்ரவரி பத்தொன்பது. செலஸ்தீன். சந்தியாகு பர்னாந்து, மரிய நத்தாலி இவர்களின் மகள். வயது பதினோரு மாதம். காய்ச்சல்.

லிகோரி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். லத்தீன் தனக்குப் பிசகிவிட்டதோ என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

"எங்க அம்மா வீட்டுல இருக்காவளே" என்றார். சின்னப்பிள்ளை சொல்வதுபோல் இருந்தது அது.

உபதேசியார் முதல் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

லிகோரி புரிந்துகொண்டு அடுத்தடுத்த தாள்களைத் திருப்பினார். நாற்பத்து நான்கு முழுக்கப் பார்த்தார். ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து. ஜனவரி, மார்ச், ஜூலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அக்டோபர் ஏழு. அதே தகப்பன். அதே தாய். பெண் பிள்ளை. மூன்றாம் தேதி பிறந்தது. செலஸ்தீன்.

ஓரத்தில் ஒன்றும் இல்லை.

"அந்தப் பேரையே வச்சிருக்காவ" என்றார் லிகோரி.

"வைப்பாவ."

"ஜெரோம் இதைப் பாக்கலையா?"

"பேரு கிடைச்சதும் புத்தகத்தை மூடியிருப்பாரு."

லிகோரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. யாருக்காக என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உபதேசியார் மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தார்.

அன்றைக்கும் பாடம் அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் லிகோரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அம்மாவின் பெயரை எடுத்து, நாற்பத்து மூன்றை அழித்தார். அக்டோபர் மூன்று, நாற்பத்தைந்து என்று போட்டார். முதல் தடவையாக அந்த ஆதாரக் கட்டத்துக்குள் விரல் வைத்தார். எந்தக் கோவில், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனையாவது பதிவு, யார் வாசித்தது, எந்த நாளில் வாசித்தது, எல்லாவற்றையும் எழுதினார். பிறகு மற்றவர்களுக்கும் போன் போட்டு, "அதை மாத்துங்க, நான் போட்டது தப்பு" என்று சொன்னார். டொரன்டோக்காரி கேட்டாள், "அப்ப எண்பது இல்லையா? டிக்கெட் போட்டாச்சே!"

"அதைப் பிறகு பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை அடுப்படி வாசல் வரை போனார். அம்மா, "என்ன மக்கா, பசிக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று திரும்பிவிட்டார்.

மூன்றாம் வியாழன்.

போனை நீட்டும்போது லிகோரியின் முகத்தில் பரீட்சைத் தாளைக் கொடுக்கிற பிள்ளையின் களை இருந்தது.

உபதேசியார் ஆதாரக் கட்டத்தை முழுக்க வாசித்தார். தலையை ஆட்டினார். நல்லபடியாகத்தான் ஆட்டினார். பிறகு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நாப்பத்திமூணு எங்க?"

"எடுத்துட்டேனே. அது தப்புல்லா? ஏழு மரத்துலயும் எடுக்கச் சொல்லிட்டேன். இனி எங்கயும் இருக்காது."

உபதேசியார் எழுந்தார். கறுப்புத் துணி ஒட்டிய புத்தகத்தை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். மேஜை இழுப்பறையில் தேடினார். ஒரு ரப்பர் அகப்பட்டது. அதை அந்தப் பதிவின் பக்கத்தில் வைத்தார்.

"இங்கயும் அழிச்சிருங்க."

லிகோரி ரப்பரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

வயது பதினோரு மாதம். காய்ச்சல்.

அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் வேறு பெயர்கள். அந்த மாதத்தில் நிறையக் குழந்தைகள் போயிருந்தார்கள். இங்கே மட்டும் மை கொஞ்சம் கசிந்திருந்தது.

"முடியாது உபதேசியாரே."

"ஏன்? உங்க மரத்துல அழிச்சியளே."

"அது தேதியைத்தான் அழிச்சேன்."

உபதேசியார் ரப்பரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. வலை காயப்போட்டிருந்தார்கள். லிகோரி போனைக் கையில் எடுத்தார்.

தாத்தா பாட்டி பெயருக்குக் கீழே, 'பிள்ளையைச் சேர்' என்ற இடத்தை அமுக்கினார். செலஸ்தீன் என்று தட்டினார். மார்ச் பன்னிரண்டு, நாற்பத்து மூன்று.

உடனே திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இதே பெற்றோருக்கு இதே பெயரில் ஒரு மகள் ஏற்கெனவே இருக்கிறார். இருவரும் ஒரே நபரா? ஒன்றாக இணைக்கவா?

லிகோரியின் விரல் திரைக்குமேல் நின்றது.

"இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 'இல்லை'யை அமுக்கினார்.

இரண்டு புத்தகங்களையும், இரண்டு பக்கங்களையும் கட்டத்தில் எழுதினார். முடித்துவிட்டு நீட்டினார்.

உபதேசியார் வாசித்துவிட்டு, "ஒரு ஆதாரம் பாக்கி இருக்கு" என்றார்.

"எல்லாப் புத்தகமும் பாத்தாச்சே."

"அம்மாகிட்ட கேட்டியளா?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? அப்ப அவங்க பிறக்கவே இல்லையே!"

"கேக்காமலே தெரியுமா?"

லிகோரி எழுந்தார். இரண்டு மணிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் போய் நிறுத்தத்தில் நின்றுகொண்டார்.

வீட்டில் அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் தன்பாட்டுக்கு ஓடியது. தலை, குடல், சட்டி. தலை, குடல், சட்டி. பூனை ஒன்று எட்டத்தில் காத்திருந்தது.

லிகோரி கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. எழுபத்தேழுதான்."

"அதைத்தானே தை மாசத்துல இருந்து கத்திட்டு இருக்கேன்."

"கோவில் புத்தகத்துலயே இருக்கு. நானே வாசிச்சேன்."

"எனக்கு எதுக்குப் புத்தகம்? எங்க அம்மா சொன்னா."

லிகோரி ஒரு நெத்திலியை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு முந்தி ஒரு பிள்ளை இருந்திருக்கும்மா. பொம்பளைப் பிள்ளை."

அம்மாவின் விரல்கள் நின்றன.

"யாருக்கு? எங்க அம்மாவுக்கா?"

"ஆமா."

"பேரு?"

"செலஸ்தீன்."

"என் பேரு எனக்குத் தெரியும் மக்கா. அந்தப் பிள்ளை பேரைக் கேட்டேன்."

"அந்தப் பிள்ளை பேருதாம்மா. செலஸ்தீன்."

அம்மா அவரையே பார்த்தாள். பூனை ஒரு படி கிட்டே வந்தது. அவள் விரட்டவில்லை.

"எவ்வளவு நாள் இருந்துச்சு?"

"பதினோரு மாசம். காய்ச்சல்னு எழுதியிருக்கு."

"பதினோரு மாசம்னா நிக்கப் பழகியிருக்கும்" என்றாள் அம்மா. "பிடிச்சுப் பிடிச்சு நடந்திருக்கும்."

லிகோரி போனைக் காட்டினார். கோவில் புத்தகங்களிலிருந்து எடுத்து வந்த இரண்டு படங்களும் அதில் இருந்தன. இந்தத் தடவை ஓரத்தோடு எடுத்திருந்தார். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்து அவளுக்குப் புரியாது. சின்னச் சிலுவைமேல் விரலை வைத்தாள். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது. லிகோரி மறுபடி சரியாக்கிக் கொடுத்தார்.

"நாப்பத்திமூணு இவளுதா?"

"ஆமாம்மா. மார்ச் பன்னிரண்டு. நாங்கதான் அதை உங்க தலையில கட்டிட்டோம். மண்டபத்தை வேண்டாம்னு சொல்லிடுதேன். எல்லாருக்கும் போன் போட்டு..."

"எதுக்கு?" என்றாள் அம்மா. "வாரவங்க வரட்டும். காலைப் பூசையை அவ பேருக்கு வைக்கச் சொல்லு. பேரை விளங்க வாசிக்கணும்னு சாமியார்கிட்ட சொல்லிடு. வந்தவங்களுக்கு மத்தியானம் சோறு போடு. கேக்கு வேண்டாம்."

"சரிம்மா."

"இந்த எண்பது வருஷத்துல யாரும் பூசை கேட்டிருக்க மாட்டாங்க இவளுக்கு."

அவள் மறுபடியும் நெத்திலியை எடுத்தாள். தலை, குடல், சட்டி. முன்பைவிட மெதுவாக.

லிகோரிக்கு உபதேசியார் கேட்கச் சொன்னது ஞாபகம் வந்தது.

"பாட்டி உங்ககிட்ட ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லையா?"

"இல்லையே. சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

இரண்டு மூன்று மீன் சட்டிக்குள் போனது.

"ஆனா ஒண்ணு" என்றாள் அம்மா. "என்னைக் கூப்பிடுவா. எங்க விளையாடிட்டு இருந்தாலும் ஓடி வந்து அவ முன்னால நிப்பேன். நின்ன பிறகும், என்னைப் பாத்துக்கிட்டே, இன்னொரு தடவை கூப்பிடுவா, செலஸ்தீன்னு. இங்கதானம்மா நிக்கேன்னு எனக்குக் கோவமா வரும்."